ஸ்டூல் மெத்தை

சித்ராதேவிக்கு ஏன் அழுகையே வர மாட்டேன் என்கிறது என்று பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். வாரா வாரம் காத்திருக்கிறாராம். நானும்தான் காத்திருக்கிறேன், அம்மா. அவளுக்கு வந்தால்தானே நான் எழுத முடியும்?

புருஷன் பாண்டித்துரையின் பவர் டேபிளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்களே, அன்றோடு அவளுக்குள் ஏதோ நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவள் லாரிக்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், படுத்தால் தூங்குகிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள். கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்கிறாள். இப்படி நல்லா இருக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் இது. வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். பாண்டித்துரை காண்ட்ராக்டர். இல்லை, காண்ட்ராக்டராக இருந்தவன். வாடகை ஷெட்டில் பவர் டேபிள் என்கிற நீள மேசை போட்டு, வரிசையாக மெஷின் மாட்டி, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தவன். தைக்க ஆள் கிடைக்காமல்தான் அந்த டேபிள் படுத்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன வடநாட்டுப் பையன்கள் திரும்பி வரவில்லை. உள்ளூரில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டார்கள். அவன் தங்கை முத்துப்பேச்சி, பி.காம். முடித்தவள், கல்யாணம் ஒட்டாமல் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தவள்.

சித்ராதேவி வேலை பார்ப்பது தமிழ்செல்வன் என்பவருடைய பனியன் கம்பெனியில். அங்கேயும் அதே ஆள் பஞ்சம்தான். ஆனால் தமிழ்செல்வன் புலம்பிக்கொண்டிருக்காமல் ஒரு காரியம் செய்தார். மாடியில் ஒரு ஹாலைக் காலி பண்ணி மெஷின் போட்டு, சாமளாபுரம், பொங்கலூர் பக்கத்துப் பெண்களை உதவித்தொகையோடு ஆறு மாதப் பழகுநர்களாக எடுத்தார். மெஷினில் உட்காரக்கூடத் தெரியாத பிள்ளைகள். அவர்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுப்பது சித்ராதேவி. பட்டதாரிகளைச் சூப்பர்வைசராக்கத் தனியாக ஒரு பயிற்சி வைத்தார். அதில் முத்துப்பேச்சி சேர்ந்தாள்.

முதல் பேட்ச் என்ன ஆனது? பயிற்சி முடிந்ததும் பாதிப் பேர் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பறந்துவிட்டார்கள். நாம் பழக்கி விடுவது, அடுத்தவன் நோகாமல் அள்ளிக்கொண்டு போவது, இந்த பேட்ச்சும் போனால் மாடியைக் குடோனாக்கிவிடு என்று தமிழ்செல்வனின் அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கம்பெனியில் பாதி அவருடையது. குடோனாகிவிட்டால் அங்கே சித்ராதேவிக்கு என்ன வேலை? அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிவதே அந்த வேலையை நம்பித்தான்.

இத்தனைக்கும் நடுவில், போன வாரம் மேனேஜர் முருகவேல் ஒரு குண்டைப் போட்டார். பயிற்சி முடித்த பதினெட்டுப் பெண்களும் ஒரே தையல் லைனில் உட்காருவார்கள், முத்துப்பேச்சி அவர்களுக்குச் சூப்பர்வைசர் என்பதுதான் ஆரம்பத்திலிருந்து பேச்சு. இப்போது, எல்லா லைனிலும் ஆள் குறைகிறது, ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போடுகிறோம் என்றார். பெண்கள் வெலவெலத்துப் போனார்கள். முத்துப்பேச்சிக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சி என்றார். அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சித்ராதேவி போய்த் தமிழ்செல்வனிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல, பாக்கலாங்க என்றார்.

அங்கே விட்டோம். இன்று சனிக்கிழமை. பயிற்சிக்குக் கடைசி நாள்.

காலையில் பாண்டித்துரை சவரம் செய்திருந்தான். மாதக்கணக்கில் தாடியும் அழுக்கு லுங்கியுமாகக் கட்டிலில் கிடந்தவன், பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டான். சாயங்காலம் பெண்கள் எத்தனை மணிக்குக் கீழே இறங்குவார்கள் என்று கேட்டான். எப்போதும்போல ஐந்தரைக்கு என்றாள். அவளுடைய டிபன் பையைத் தூக்கி வண்டியில் மாட்டி, கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். டேபிள் போன நாளிலிருந்து அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு பெண்டாட்டிக்குச் சந்தேகம் வர இதில் ஒன்று போதாதா? சித்ராதேவிக்கு வரவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து ரோட்டோரத்து வேப்பமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று நல்ல தண்ணீர் வருகிற நாள். விட்டால் மறுபடி எப்போது வருமோ, குழாய் திறக்கிறவருக்கே தெரியாது. அதற்குத்தான் கிளம்பும்போது வீட்டுச் சாவியை முத்துப்பேச்சியிடம் கொடுத்தாள். எனக்கு நேரமாகிவிட்டால் நீ முன்னால் போய்க் குடத்தை வைத்துவிடு என்றாள். முத்துப்பேச்சி சாவியை வாங்கிக்கொண்டு மதினியின் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. சித்ராதேவி அதையும் கவனிக்கவில்லை.

இப்போது மெத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு இது தெரியாது. டெய்லர் உட்காருவது இரும்பு ஸ்டூலில். நாள் முழுக்க அதில் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் ஆளுக்கொரு சின்ன மெத்தை வைத்திருப்பார்கள். கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டுகளை அடைத்துத் தைத்தது. சித்ராதேவி புதுப் பெண்களுக்கு முதல் வாரம் காலரும் கையும் சொல்லித்தருவதில்லை. உன் மெத்தையை நீயே தைத்து, அதன்மேல் உட்கார் என்பாள். கோணல்மாணலாக ஒரு மெத்தை வரும். அதில் உட்கார்ந்துதான் மீதியெல்லாம் கற்றுக்கொள்வார்கள்.

இருக்கிற ஆள் மெத்தையை ஸ்டூலிலேயே விட்டுவிட்டுப் போவார். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் மெத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால், திங்கட்கிழமை அவர் வேறு கம்பெனியில் இருப்பார் என்று அர்த்தம். சொல்லிக்கொள்வதெல்லாம் கிடையாது. முதலாளிமார்கள் சனிக்கிழமை ஒரு சுற்று நடந்து ஸ்டூல்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

மத்தியானம் கேன்டீனில் சான்றிதழ் கொடுத்தார்கள். லட்டு, மிக்சர், டீ. தமிழ்செல்வன் அதிகம் பேசவில்லை. எல்லாரும் நல்லாப் பழகியிருக்கீங்க, திங்கட்கிழமை ஒரு விஷயம் சொல்வேன் என்று மட்டும் சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். பிரித்துப் போடுவதைத்தான் சொல்லப்போகிறார் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். சொல்ல வந்ததை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனிதர்?

சாப்பாட்டுக்கு அப்புறம் சித்ராதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். பொங்கலூர்ப் பூங்குழலிதான் எப்போதும் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அவள் ஏதோ கேட்டாள். எங்கே இருந்தாலும் எங்களைக் கூடவே வைத்துக்கொள்வீர்கள்தானே என்பது மாதிரி. சித்ராதேவி ஊசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள்.

இந்த "ம்" அவளுக்குப் பழக்கமாகிப்போன ஒன்று. வீட்டுக்காரன் கேட்டாலும் "ம்", வீட்டு ஓனர் கேட்டாலும் "ம்". காதில் விழும், அதற்குமேல் உள்ளே போகாது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

சாயங்காலம் அவள் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு மேலே வந்தபோது ஹாலில் யாருமில்லை. விளக்கை அணைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

ஒரு ஸ்டூலிலும் மெத்தை இல்லை.

சுவரோரமாக இருந்த அவளுடைய ஸ்டூலிலும் இல்லை. பச்சையும் மஞ்சளுமாகத் துண்டு ஒட்டிய மெத்தை அது. பழைய டேபிள் காலத்திலிருந்து அவளோடு இருப்பது. அதை யார் எடுத்திருப்பார்கள் என்று யோசித்தாள். பேட்ச் போய்விட்டது, வேலையும் போய்விட்டது, இதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மெத்தையைப் பற்றித்தான் யோசிக்க முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கேட்டுக்கு எதிர்ப்பக்கம் ரோட்டோரம் ஒரு வேன் நின்றது. உள்ளே அத்தனை பெண்களும் மடியில் மெத்தையை வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் வெள்ளைச் சட்டை. பாண்டித்துரை.

அவன் இறங்கி வந்தான். ஒரு வருஷமாகப் பேசாததையெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் பேசினான். பல்லடம் ரோட்டில் புதுசாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. தைக்கத் தெரிந்த செட்டோடு வந்தால் தனி டேபிள் தருகிறார்கள். அவன் மறுபடி காண்ட்ராக்டர். அவள்தான் மாஸ்டர். முத்து உடனே சூப்பர்வைசர், இனிமேல் பயிற்சி கியிற்சி ஒன்றும் இல்லை. பெண்களையும் யாரும் பிரிக்க மாட்டார்கள். சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கல்யாணமான புதிதில் அவள் பார்த்த முகம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ வேணாம்ப."

அது உண்மைதான். அவள் வேன் படியில் ஏறினாள். முன்சீட்டில், ஜன்னலோரமாக, அவளுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். அங்கே பச்சையும் மஞ்சளுமான மெத்தை போட்டிருந்தது. யாரும் மிதித்துவிடாதபடி பூங்குழலி பின்சீட்டிலிருந்து அதில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தாள். சித்ராதேவி மெத்தையை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"நான் வரலம்மா" என்றாள் சித்ராதேவி. "வர்றேன்னு யாரு சொன்னது?"

"முத்தக்காதானுங்க்கா. நாங்க நம்பலீங்க. அப்புறம் மத்தியானம் உங்களையே கேட்டமுங்க. நீங்களும் 'ம்'ன்னீங்களே."

யோசித்துப் பார்த்தாள். சொன்னதுதான். என்ன கேட்டார்கள் என்பதுதான் நினைவில் இல்லை. வேனுக்குள் எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தது. அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கை மட்டும் மெத்தையை இறுக்கிப் பிடித்திருந்தது. இறங்கி, ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்கு வந்தாள். மெத்தையைக் கொண்டுபோய் ஸ்டூலில் போட்டுவிட வேண்டும். அவளுக்கு அப்போது இருந்த எண்ணம் அது ஒன்றுதான்.

கேட்டில் தமிழ்செல்வன் நின்றுகொண்டிருந்தார்.

மாடிக்குப் போய் ஸ்டூல்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, முத்துப்பேச்சி. மதினியைக் கையோடு கூட்டிக்கொண்டு வேனுக்கு வருவதுதான் பாண்டித்துரை அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. மதினி முந்திக்கொண்டாள். இவள் ஓனரிடம் மாட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க சித்ரா, நீங்களுமாங்க?" என்றார் தமிழ்செல்வன்.

"இல்லீங்க சார். நான் போகல."

அவர் அவள் கையிலிருந்த மெத்தையைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேனைப் பார்த்தார். வேனுக்கு முன்னால் நின்ற பாண்டித்துரையைப் பார்த்தார். அவர் அப்பா காலத்திலிருந்தே கம்பெனி ஃப்ளோரில் தவழ்ந்து வளர்ந்தவர். மெத்தையை எடுத்தவர் போகிறவர் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வளவு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு விஷயம்தான் அன்றைக்கு அவரைக் கவிழ்த்தது.

"அந்தப் புள்ளைங்க உங்களக் கேக்காம டீக்குக் கூட எந்திரிக்காதுங்க. நீங்க சொல்லாம எப்படீங்க வேன் ஏறுச்சுங்க? வேற யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்னவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் மதினி என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு பேரைச் சொன்னால் சித்ராதேவியின் வேலை போகாது. முத்துப்பேச்சியை இனி இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் பயிற்சிக்கு எடுக்காது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்திறங்கியவள் அவள். சித்ராதேவி வாயைத் திறக்கவில்லை. தியாகம் கியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்செல்வன் மெதுவாகச் சொன்னார்.

"திங்கக்கெழம சொல்லலாம்னு இருந்தேனுங்க. அண்ணங்கூடச் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சேன். அந்தப் புள்ளைங்களப் பிரிக்கறதில்லீங்க. தனி லைனு. முத்துப்பேச்சிதான் சூப்பர்வைசரு."

முத்துப்பேச்சி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். நீங்களும் போகிறீர்களா என்று கேட்டார். இல்லீங்க சார் என்றாள் முத்துப்பேச்சி. யோசிக்காமல், பயத்தில், பட்டென்று வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க அவளுக்கும் வழி தெரியவில்லை.

"சரீங்க சித்ரா. போயிட்டு வாங்க" என்றார்.

இந்தப் பக்கத்தில் ஆளை விரட்டினாலும் இப்படித்தான் சொல்வார்கள். வாட்ச்மேன் மணியனிடம் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார். மணியன் சித்ராதேவியைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டை இழுத்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் முத்துப்பேச்சி. இந்தப்பக்கம் சித்ராதேவி.

எதிரில் பாண்டித்துரை வேனைக் கிளப்பி ஹார்ன் அடித்தான். ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான். இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது என்பது மாதிரி இருந்தது அந்தக் கை. நியாயம்தானே? வேலையும் போயிற்று, பேரும் போயிற்று. ஏறிவிட்டால் டேபிள், புருஷன், அந்தப் பதினெட்டுப் பெண்கள் எல்லாம் கிடைக்கும். அடுத்த பேட்ச்சுக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் மாடி இருக்காது.

சித்ராதேவி மெத்தையைக் கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தரையில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

டீக்கடையில் நின்றவர்கள் போராட்டம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். போராட்டமெல்லாம் இல்லை. அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அந்த மெத்தை இருக்கிற இடம் இந்தக் கம்பெனிதான், வேன் இல்லை. மாடிக்கு விடவில்லை, அதனால் வாசலில் போட்டாள். பாண்டித்துரை மறுபடி ஹார்ன் அடித்தான். அக்கா ஏறாமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்று உள்ளேயிருந்து பூங்குழலி சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது.

சித்ராதேவி தலையைத் திருப்பி, கம்பிக்குள் நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தாள். முத்துப்பேச்சி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். மதினி திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். திட்டிவிட்டால் நிம்மதி என்றுகூட அவளுக்கு இருந்தது.

"முத்து, சாவி உங்கிட்டதான இருக்கு" என்றாள் சித்ராதேவி. "தண்ணி வர்ற நேரமாச்சு. போய்க் குடத்த வையி."

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. தினமும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். முத்துப்பேச்சிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகிற வழி கேட்டுக்கு வெளியே. அவள் கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. திரும்பி உள்பக்கம் பார்த்தாள். தமிழ்செல்வன் ஆபீஸ் படியில் பாதி ஏறியிருந்தார்.

"சார்" என்று கூப்பிட்டாள்.

அது வெளியே உட்கார்ந்திருந்த சித்ராதேவிக்கே கேட்டது.

தமிழ்செல்வன் படியில் நின்று திரும்பினார்.

"சொல்லுங்க" என்றார்.